கண் மூடி நடந்த புலி

செந்திவடிவு தன் சொந்தப் பெயரில் நோட்டுப் புத்தகம் போட ஆரம்பிக்கும் முன், காலண்டர் கம்பெனி ஒன்றில் சாமிகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். உடம்பையும் உடையையும் நகையையும் மற்ற ஓவியர்கள் முடித்து, முகத்தில் இரண்டு வெள்ளை இடங்களை மட்டும் விட்டு அவளுடைய மேஜைக்கு அனுப்புவார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு லட்சுமிக்குக் கருணையும் காளிக்குக் கோபமும் குழந்தைக் கண்ணனுக்குக் குறும்பும் வைத்துக் கொடுப்பாள். அவள் வரைந்த கண், சுவரில் எங்கே மாட்டினாலும் வீட்டில் இருப்பவர்களையே பார்க்கும் என்று செவலூரணியில் ஒரு பேச்சு இருந்தது. பல வருடம் அந்தப் பேச்சு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பலசரக்குக் கடையிலும் பஸ்ஸிலும் பல் டாக்டர் அறையிலும் தன்னுடைய கண்களே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தாங்க முடியாமல் போய், ஒரு நாள் வேலையை விட்டாள்.

செவலூரணி சிவகாசிக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. சிவகாசியில் இடம் போதாமல் வழிந்து வந்த அச்சகங்களும், ஊர்க்காரர்கள் பயராபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலைகளும் சேர்ந்துதான் அதை ஊராக்கியிருந்தன. அதனால் அங்கே பிறந்தவர்கள் எல்லாருக்கும் சத்தம் தாய்ப்பால் மாதிரி. பகலெல்லாம் ஆஃப்செட் மெஷின்கள் தடதடக்கும், வெடி சோதித்துப் பார்க்கிற பொட்டலில் மணிக்கொரு தரம் பூமி அதிரும், அதற்கு மேலே கேட்க வேண்டுமென்று மனிதர்கள் கத்திக் கத்திப் பேசுவார்கள். வடிவின் கணவன் காசிராஜன் மெஷின் ஓட்டுகிறவன். இருபது வயதிலிருந்து மெஷினோடு நின்று நின்று அவனுக்குக் காது பாதி அடைத்துப்போயிருந்தது. அவன் வீட்டுக்குள் "தண்ணி கொடு" என்று கேட்டால் எதிர்வீட்டு ராஜக்கனி செம்போடு எட்டிப்பார்ப்பாள். அந்தக் குரலை வடிவுக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னால், அச்சகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

வேலையை விட்ட பிறகு வடிவு வீட்டு மாடியில் ஒரு மேஜையைப் போட்டு, லெட்டர் பேடு, பரிசு சுற்றும் தாள், பிள்ளைகள் நோட்டில் ஒட்டும் லேபிள் என்று ஒவ்வொன்றாக வரைந்து விற்றுப் பார்த்தாள். லேபிள் ஓரளவு போனது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக்கு நோட்டுப் புத்தகம் போடலாம் என்று துணிந்து, முதல் அட்டைக்கு ஒரு புலியை வரைந்தாள். புல்வெளியில் ஒருக்களித்துப் படுத்து, பாதத்தில் தாடையை வைத்து, கண்ணை மூடித் தூங்குகிற ஆரஞ்சு நிறப் புலி. வகுப்பில் தூங்க முடியாத பிள்ளைகளுக்காக அட்டையில் ஒன்றாவது தூங்கட்டுமே என்று கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாள். உண்மையில், இனிமேல் தான் வரைகிற எதுவும் யாரையும் பார்க்கக் கூடாது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். இமைக்கு ஒரு வளைந்த கோடு, கோட்டின் கீழே மூன்று மயிர். அவ்வளவுதான் கண்.

காசிராஜன் வேலை பார்க்கும் தவமணி அண்ணாச்சியின் அச்சகத்திலேயே அட்டை ஓடியது. அன்றைக்குக் கோடை மழை. காகிதம் ஈரத்தில் ஊதி, மஞ்சளும் சிவப்பும் விழுந்த இடத்துக்குச் சரியாகக் கறுப்பு விழாமல் ஒரு நூல் விலகி விழுந்தது.

"கோடெல்லாம் தள்ளி நிக்குது வடிவு. நிப்பாட்டவா?" என்று மெஷினுக்கு மேலே காசிராஜன் கத்தினான்.

வடிவு ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். புலியின் உடம்பு ஓரிடத்திலும் அதன் வரிகள் கொஞ்சம் பின்னாலும் இருந்தன. "ஓட்டுங்க. தூக்கத்துல அசையிற மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நோட்டுகள் கடைகளுக்குப் போய், பிள்ளைகள் அட்டையில் பேர் எழுதி, பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு காலை எல்லா அட்டைகளிலும் புல்வெளி மட்டும் இருந்தது. புலி படுத்திருந்த இடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. வீட்டில் இருந்த நோட்டு, பையில் இருந்த நோட்டு, கடையில் கட்டுப் பிரிக்காமல் இருந்த நோட்டு, எல்லாவற்றிலும் அப்படியே. அதே காலையில் பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு புலி, கண்ணை மூடியபடி, தூக்கத்தில் நடக்கிற பிள்ளை மாதிரி மெல்ல நடந்து வந்தது. அதன் வரிகள் உடம்புக்கு அரையடி பின்னால் காற்றில் வந்துகொண்டிருந்தன. அது நின்றால் வரிகளும் வந்து சேர்ந்து நின்றன. அத்தனை ஆயிரம் அட்டைகளிலிருந்தும் ஏன் ஒரே ஒரு புலி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு புலியே போதுமானதாக இருந்தது.

மதுரை பஸ்ஸின் டிரைவர் அதைப் பார்க்காமல் ஹாரன் அடித்தார். புலி நின்றது. மூடிய இமை நடுங்கியது, மேலுதடு சுருண்டு ஏறியது, உள்ளே பற்கள் தெரிந்தன. கூட்டத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்த வடிவு அந்தப் பற்களைப் பார்த்தாள். அவள் பற்களை வரையவே இல்லை. வாயை மூடித்தான் வரைந்திருந்தாள். யார் வரைந்தது அவற்றை என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். டிரைவர் கையை எடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் உதடு இறங்கியது, இமை அடங்கியது. புலி வாழைப்பழத் தள்ளுவண்டியின் நிழலில் போய்ப் படுத்துக் குறட்டை விட்டது.

அன்றிலிருந்து செவலூரணி சத்தத்தை விட்டது.

யாரும் உத்தரவு போடவில்லை. பஸ்காரர்கள் ஹாரனைக் கழற்றி, ஊர் எல்லையில் இன்ஜினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தார்கள். கோயில் மணி நாக்கில் துணி சுற்றினார்கள். சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் நேரம் வந்ததைக் கைவிளக்கை ஆட்டித் தெரிவித்தார்கள். பெண்கள் குக்கர் விசிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுப் பழையபடி பானையில் வடித்தார்கள். சேவல்களை வெளியூர்ச் சந்தையில் விற்றார்கள், நாய்கள் தாமாகவே ஓடிப்போயின. பயராபீஸ்களில் வெடி நின்று மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும் உருட்டினார்கள். அச்சகங்களில் மெஷின் காலுக்கு அடியில் பழைய டயரைக் கொடுத்து, எறும்பு ஊர்கிற வேகத்தில் ஓட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்ன பிள்ளைகளுக்கு வாத்தியார் உதட்டைப் பார்த்தே மதிப்பெண் போட்டார். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஊதாமலே விரலை ஓட்டினார், தவில்காரர் கையைக் காற்றில் அடித்தார், தாலி கட்டும் நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கொடி பிடித்து நின்றார். வந்தவர்கள் எல்லாரும், நல்ல மேளம் என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

புலி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. காலையில் கடைத்தெருவில் நடக்கும், பிடித்த இடத்தில் படுக்கும். அது நடந்த இடத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக அச்சுமை ஈரம் காயாமல் கிடக்கும். வாசலில் அந்தத் தடத்தைக் கண்டால் பெண்கள் அதைச் சுற்றியே கோலம் போட்டார்கள். அதற்கு என்ன பசி, அது எதைத் தின்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் விலா எலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அது முழிக்காமல் இருக்கும்வரை சரி என்று வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வடிவைத் திட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். யாரும் திட்டவில்லை. தெருவில் பார்த்தால் அருகே வந்து, "உங்க புலி நேத்து எங்க படியில படுத்திருந்துச்சு தாயி" என்று, அவிழ்த்து விட்ட மாட்டைப் பற்றிச் சொல்வதுபோலக் காதருகே சொன்னார்கள். அதைக் கேட்டாலே அவள் வேகமாக நடந்து வீட்டுக்குள் போய்விடுவாள். அதைவிடப் பயமாக இருந்தது வியாபாரம். வெறும் புல்வெளி அட்டை உள்ள வீட்டை, தன் படுக்கை இருக்கிற வீடென்று மோந்து பார்த்துவிட்டுப் புலி விலகிப் போகும் என்று யாரோ சொல்லப்போக, ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நோட்டு வாங்கிப் பூஜை அறையில் வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், புலி தங்கள் ஊருக்கு வருவதற்குள் வாங்கி வைக்க வேண்டுமென்று வேன் பிடித்து வந்தார்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'வடிவு' என்று போட்டிருந்ததை மக்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டது அந்தப் பேர் அச்சில் வருவதற்குத்தான். இப்போது அது கண்ணில் படாமல் இருக்க நோட்டின் பின்பக்கம் கீழே போகும்படி திருப்பி வைத்தாள்.

தவமணி அண்ணாச்சி மாடிக்கு ஏறி வந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் வியாபாரிகளுக்கெல்லாம் தலைவர், எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதலில் நிற்பவர்.

"அடுத்து ஒரு கரடி வரைஞ்சிரு தாயி. இதே மாதிரி கண்ணை மூடி" என்று கிசுகிசுத்தார்.

"அண்ணாச்சி, அதுவும் இறங்கிப் போயிருச்சுன்னா?"

"போகட்டுமே. புலி ஒண்ணு பழகிருச்சு. கரடியும் பழகிரும். சனங்க எதுக்கும் பழகிருவாக."

அவர் போன பிறகு வடிவு பென்சிலை எடுத்தாள். ஒரு கோடு இழுக்க முடியவில்லை.

வீட்டுக்குள் காசிராஜன் பேச்சை விட்டிருந்தான். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவனுக்கே தெரியாது. புலி வந்த புதிதில் ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மெல்லத்தான் பேசுகிறோம் என்று நினைத்து, "உப்பு கம்மி" என்றான். வாசலில் படுத்திருந்த புலி எழுந்து, ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்தது. உதடு சுருண்டது. பற்களிலிருந்து எச்சில் கம்பி வழியாக உள்ளே சொட்டியது. இருவரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், அது இறங்கிப் போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டான். வேண்டியதைக் கையால் காட்டினான். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து துண்டோடே படுத்தான். காலையில் வடிவு அந்த முடிச்சை அவிழ்க்கும்போது அவன் கன்னத்தில் துணியின் தடம் பதிந்திருக்கும். அவன் அவள் பேரைச் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது.

புரட்டாசியில் பால்துரை செத்தார். எதிர்வீட்டு ராஜக்கனியின் கணவர். அச்சடித்த தாள்களைச் சைக்கிளில் கட்டிப் பைண்டிங்குக்குக் கொண்டுபோகிறவர். அன்றைக்கு மத்தியானம் தாள்கட்டு தலைக்கு மேல் உயர்ந்திருந்ததால் பின்னால் பார்க்க முடியாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மேட்டிலிருந்து பேப்பர் லாரி ஒன்று இன்ஜினை நிறுத்திவிட்டு உருண்டு வந்தது. தெருவோரத்தில், மருந்துக் கடை வாசலில், புலி தூங்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரனிடம் ஹாரன் இல்லை. பிரேக்கை இறுக்கி மிதித்தால் கிறீச்சிடும் என்று பாதத்தைப் பாதி அழுத்தியபடியே, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வீசினான். தெருவில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் கையை வீசினார்கள். பால்துரை தலையைக் குனிந்து, முன்சக்கரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

மாடி ஜன்னலில் நின்ற வடிவும் பார்த்தாள். 'அண்ணே' என்ற சொல் அவள் தொண்டைக்கு வந்து வாய்க்கும் வந்தது. வாய் திறந்தது. ஜன்னல் கம்பியில் பார்த்த அந்தப் பற்கள் நினைவுக்கு வந்தன. வாய் தானாக மூடிக்கொண்டது. அவ்வளவு நேரம்தான். லாரி தாள்கட்டின் மேல் ஏறி, மெத்தையில் ஏறியதுபோல ஓசையில்லாமல் நின்றது.

எழவு வீட்டில் பறை இல்லை, சங்கு இல்லை. பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார்கள். மார்பில் அடித்துக்கொள்ளும்போது சத்தம் வராமல் இருக்க ராஜக்கனியின் இரண்டு கையிலும் யாரோ பழந்துணியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அவள் முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்குள் வைத்துக் கடித்தபடி, கணவரைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிணத்துக்கு முன்னால் புலி நடந்து போய்க்கொண்டிருந்தது. பாடையைத் தூக்கியவர்கள் அது போகிற வேகத்தில் போனார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ராஜக்கனி வடிவின் மாடிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையின் நுனி கடித்துக் கடித்து நைந்துபோயிருந்தது.

"நீ பாத்தியாமே, வடிவு" என்றாள் மெல்லிய குரலில்.

"பாத்தேன் மதினி."

"கத்தலியா?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "பயந்துட்டேன் மதினி."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நானா இருந்தாலும் பயந்திருப்பேன்" என்றாள் ராஜக்கனி. கோபமில்லாமல் சொன்னாள். பிறகு நெஞ்சுக்குழியில் கையை வைத்து அழுத்தினாள். "இங்க கல்லு மாதிரி நிக்குது. எங்க வீட்டு மனுசனுக்காக நான் இன்னும் அழல. ஒரு தடவை வாயைத் திறந்து அழணும். அழுதா அது முழிச்சிரும், ஊரைத் தின்னுரும்ங்கிறாங்க. நான் ஒருத்தி அழறதுக்காக ஊரைக் கொல்ல முடியுமா?" நைந்த முந்தானையை விரலில் சுற்றினாள். "அது கண்ணை நீதானே மூடுன?"

"ஆமா."

"அப்ப நீயே திற. என்னைக்கோ ஒருநாள் அதுவா முழிக்கத்தான் போகுது. எப்ப எப்பன்னு உக்காந்திருக்க என்னால ஆகாது தாயி."

வடிவு முதலில் அண்ணாச்சியிடம் போனாள். கண் திறந்த புலியை வரைந்து புது அட்டை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லி, அவளைக் காகிதக் கிடங்குக்குள் கூட்டிப்போனார்.

"தாயி, முழிச்ச புலி என்ன செய்யும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"எனக்கும் தெரியாது. தெரியாததை யாராவது கூப்பிடுவாங்களா? ஒருத்தர் போயிட்டாரு, பாவம்தான். மத்தவங்க இருக்கோம்ல. இருக்கிறபடி இருக்கட்டும்."

அவர் குரலில் இருந்த நடுக்கத்தை அவள் கேட்டாள். தன்னைப் போலத்தான் அவரும் என்று புரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் புலியை வரையப் பார்த்தாள், கண்ணைத் திறந்து. புல் வந்தது, நிழல் வந்தது, புலி வரவில்லை. கோடு போட்ட உடனே உலர்ந்து மறைந்தது. புலி வெளியே இருக்கும்போது தாளில் எப்படி வரும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் வரைய வேண்டுமென்றால் அதன் முகத்தில்தான் வரைய வேண்டும்.

இரண்டு தூரிகை, கறுப்பு, மஞ்சள், மெஷின் துடைக்கிற மண்ணெண்ணெயில் நனைத்த துணி. இவற்றை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கியபோது காசிராஜன் வழியை மறித்து நின்றான். என்ன என்று கையால் கேட்டான். அவள் தன் கண்ணைத் தொட்டு, விரல்களை விரித்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் நகரவில்லை. பிறகு அவன் அவள் கையிலிருந்த மைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

புலி மருந்துக் கடை வாசலில்தான் கிடந்தது. வெயில் ஏறியிருந்த முற்பகல், தெரு முழுக்க ஆள். வடிவு அதன் முன்னால் மண்டியிட்டபோது தெரு மொத்தமும் அசைவற்று நின்றது. பிறகு என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் நூறு கைகள் வேண்டாம் வேண்டாமென்று காற்றில் ஆடின. அண்ணாச்சி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். யாருக்கும் பக்கத்தில் வரத் துணிவில்லை, கத்தவும் துணிவில்லை.

அவ்வளவு அருகில் அவள் அதைப் பார்த்ததில்லை. அச்சுமை வாடையும் அதற்கு அடியில் பட்டினி கிடந்த வயிற்றின் புளித்த வாடையும் அடித்தன. அதன் ரோமம் ரோமமாக இல்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஆயிரமாயிரம் புள்ளிகள் மூச்சுக்கு மூச்சு விலகிச் சேர்ந்தன. கறுப்பு வரிகள் தோலைத் தொடாமல் விரலகலம் தள்ளி மிதந்தன. இமையின் வளைவும் அதன் கீழே மூன்று மயிரும் அவள் போட்டது போட்டபடி இருந்தன. அவள் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த வளைவைத் துடைத்தாள். கோடு போனது. கீழே வெறும் வெள்ளை இருந்தது. காலண்டர் கம்பெனியில் அவள் மேஜைக்கு வரும் அதே வெள்ளை.

ஸ்தபதிகள் சாமிக்குக் கண் திறக்கும்போது எதிரே கண்ணாடி வைப்பார்கள். முதல் பார்வை மனிதர் மேல் விழக் கூடாது, தாங்க முடியாது என்பார்கள். அது வடிவுக்கு நினைவு வந்தபோது தூரிகை அந்த வெள்ளையைத் தொட்டிருந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை. இனி எடுக்கப் போக முடியாது. கருணை வைக்கவா கோபம் வைக்கவா என்று கை கேட்டது. எதையும் வைக்காமல் ஒரு மஞ்சள் வட்டத்தையும் அதன் நடுவே ஒரு கறுப்பையும் வைத்தாள். அடுத்த கண்ணையும் துடைத்து அப்படியே வைத்தாள். அது கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

புலி அவளைப் பார்த்தது.

அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. பசி இருந்தது. மாதக்கணக்கில் தூங்கியே கழித்த பசி, முன்னால் உட்கார்ந்திருக்கும் முதல் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எப்படி எழுவது என்று மறந்துபோயிருந்தது. புலியின் முன்னங்கால்கள் உடம்புக்கடியில் மெல்ல மடங்கின.

"வடிவு, எந்திரி!"

மெஷினுக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய குரல். வாயில் கட்டிய துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காசிராஜன் கத்தியது மேட்டுத்தெருவரை கேட்டது. அவன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளினான். பாய்ந்த புலியின் பாதம் அவள் மேல் விழாமல் அவன் தோளைக் கிழித்தது. அவன் மறுபடியும் அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். அப்போது தெருவில் ஒரு பெண் கத்தினாள், அப்புறம் லாரிக்காரன் கத்தினான், அப்புறம் எல்லாரும். தகரக் கதவுகளைத் தட்டினார்கள். யாரோ கோயிலுக்கு ஓடி மணி நாக்கின் துணியை அவிழ்த்தார்கள். பயராபீஸ்காரர் ஒருவர், விற்காமல் பூட்டி வைத்திருந்த சரவெடியை நடுத்தெருவில் விரித்துக் கொளுத்தினார். புலி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. முதன்முதலாக எல்லாவற்றையும் பார்த்தது. வெறி பிடித்ததுபோலக் கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆட்டைக் கவ்விக்கொண்டு மேற்கே பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் வரிகள் உடம்பை எட்டிப் பிடித்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மலை அடிவாரம்வரை போனது, அப்புறம் காணவில்லை.

காசிராஜனை ஏற்றிக்கொண்டு ஆட்டோ வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனது. காயம் ஆழம்தான், பிழைத்துக்கொண்டான். வலது கையை இனிமேல் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தையல் போட்ட டாக்டர் புண்ணுக்குள்ளிருந்து ஆரஞ்சு மையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

ஊரில் பாதிப் பேர் வடிவைக் கும்பிட்டார்கள், பாதிப் பேர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார்கள். புல்வெளி நோட்டு விற்பது ஒரே நாளில் நின்றது. கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகத் திரும்பி வந்து மாடியில் இடத்தை அடைத்தது. மலையோரத் தோட்டங்களில் புலி ஆடு அடிக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் வந்து, தடத்தைப் படம் எடுத்து, எல்லாப் புலியும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள் மக்கள் வீடு திரும்பினார்கள். ஆட்டை உள்ளே கட்டினார்கள். பயம் போகவில்லை. அண்ணாச்சி ஒரு தடவை வந்து, திரும்பி வந்த நோட்டுக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, "நான் சொன்னேன்ல தாயி" என்று சொல்ல வந்து, சொல்லாமல் எழுந்து போனார்.

ஆனால் ராஜக்கனி அழவில்லை. மணியும் வெடியும் குக்கர் விசிலும் திரும்பி வந்த பிறகும், அவள் நைந்த முந்தானையைப் பல்லுக்குள் வைத்தபடியே வீட்டு வேலை பார்த்தாள். சொந்தக்காரர்கள் வந்து, இப்போது அழு தாயி, இப்போது அழலாம் என்றார்கள். அவள் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அழ வேண்டிய நேரத்தில் அழாததால் வழி தூர்ந்துபோயிற்று என்று வடிவிடம் சைகையால் சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வடிவு திரும்பவும் பிள்ளைகளுக்கான லேபிள் வரைய உட்கார்ந்திருந்தாள். ஒரு பெட்டைக்கோழி. கண்ணிலிருந்து ஆரம்பித்து உடம்புக்கு வந்திருந்தாள். காசிராஜன் கட்டுப் போட்ட தோளோடு ஜன்னலோரம் படுத்து, "மூக்கு நீளமா இருக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி குறை சொல்லிக்கொண்டிருந்தான். ராஜக்கனி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்போது மேற்கே, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த மலையிலிருந்து, புலி உறுமியது. செவலூரணியில் அது உறுமி யாரும் அதுவரை கேட்டதில்லை. தட்டுகள் அதிர்ந்தன. தெருவில் நடந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். வடிவின் கை தன்னால் வாய்க்குப் போனது.

ராஜக்கனி கீரையைக் கீழே போட்டாள். முந்தானை பல்லிலிருந்து நழுவியது. மலையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு நெஞ்சுக்குழியைப் பிய்த்துக்கொண்டு, "என்னப் பெத்த ராசா" என்று வந்தது.

வடிவு படியில் விழுந்தடித்து ஓடினாள். ராஜக்கனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக்காரி வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள், பேசுவதை நிறுத்தியவர்களும் வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டு, பால்துரைக்கு அவர் செத்த அன்று அழ வேண்டிய அழுகையை அழுதார்கள். சைக்கிளைச் சொல்லி அழுதார்கள், கட்டின தாளைச் சொல்லி அழுதார்கள், "கூப்பிடலியே அண்ணே, நான் கூப்பிடலியே" என்று வடிவு சொல்லி அழுதாள். மலையில் புலி மறுபடியும் உறுமியது, முன்னைவிடக் கிட்டத்தில். எல்லாருக்கும் உடம்பு நடுங்கியது. ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை.